எட்டுக்கு முந்திய எண்

தற்பெருமை என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். ஈப்போ பக்கத்து லகாட் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில், தொழிலாளியின் கையில் பிரஷர் மிஷினைச் சுற்றிப் பார்த்த முதல் டிரசர், எனக்குத் தெரிந்து, இந்த வேலாயுதம்தான். உங்களை இப்போது ஹாஸ்பிட்டல் அசிஸ்டண்ட் என்று மரியாதையாக அழைக்கிறார்கள். எங்கள் காலத்தில் டிரசர் என்றால்தான் தெரியும். காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கிற வரிசையில், ஒருவன் காய்ச்சல் என்று நின்றால் அது காய்ச்சலா கள்ளமா என்று பார்ப்பதிலிருந்து, பிரசவம், பாம்புக்கடி, மலேரியா வரை எல்லாம் நாங்களே. முப்பது வருஷம் அப்படிக் குப்பை கொட்டியிருக்கிறேன். நாலு வார்த்தை நெஞ்சை நிமிர்த்திப் பேசினால் குறைந்துவிடாது.

இன்று என்னைப் பேசச் சொன்ன இந்தச் சபையில் நான் செய்த வைத்தியத்தைச் சொல்லப் போவதில்லை. நான் செய்த ஒரு மடத்தனத்தைச் சொல்லப் போகிறேன். மடத்தனத்தில் என்ன பெருமை என்று இப்போதே சிரிக்காதீர்கள். கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அது இருபதுகளின் நடுப்பகுதி. ஈப்போவிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை வெள்ளைக்கார டாக்டர் காரில் வருவார். கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. ஒரு நாள் மரப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். திறந்தால் ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் பாதரசம், கையில் சுற்றுவதற்கு ஒரு பட்டை, அழுத்துவதற்கு ரப்பர் பந்து. தொழிலாளிகள் அதற்கு "கைய நெரிக்கிற பொட்டி" என்று பேர் வைத்தார்கள். ஒரு கிழவர் குழாயை உற்றுப் பார்த்து, "ஐயா, இந்த வெள்ள ரத்தம் யாருதுங்க?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

ஐம்பது வயதைத் தாண்டியவர்களை எல்லாம் சோதிக்க வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. நெஞ்சையும் பார்க்க வேண்டும், மூளையையும் பார்க்க வேண்டும். நெஞ்சுக்கு மிஷினும் நாடியும். மூளைக்கு ஒரு தாள் நிறையக் கேள்விகள். இன்று என்ன கிழமை, இது என்ன மாதம், ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணு, திரும்பி இருபதிலிருந்து ஒன்று வரை எண்ணு. கேட்டதற்கு மட்டும் பதில் வர வேண்டும், நடுவில் வேறு பேச்சு கூடாது என்று தாளின் அடியில் கோடு போட்டு எழுதியிருந்தார்.

நெஞ்சும் மூளையும் இரண்டும் தேறாதவர்கள் அன்ஃபிட். அவர்களுக்குப் பினாங்கிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல். அன்ஃபிட் என்ற வார்த்தை நம் ஆட்கள் வாயில் 'அம்புட்டு' ஆகிவிட்டது. "டிரசரு அம்புட்டுன்னு எழுதிட்டா நம்ம கதை அம்புட்டுதான்" என்று லயத்து வீடுகளில் பேசிக்கொள்வார்கள். எனக்கும் அது காதில் விழும். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. என் பேனாவுக்கு ஜனங்கள் பயப்படுகிறார்கள் என்பதில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு மிதப்பு இருந்தது.

எங்கள் தோட்டத்து ஆயாக்கொட்டாயை ஒரு அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். மாரியாயி என்று பேர். பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிற பெண்கள் விடியற்காலையில் கைக்குழந்தைகளை அவரிடம் விட்டுவிட்டுப் போவார்கள். தொட்டில் வரிசையாகத் தொங்கும். பத்து வயதில் பாகான் செராய்ப் பக்கம் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். கரும்பு போய் ரப்பர் வந்ததும் கணவரோடு இங்கே வந்துவிட்டார். நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த மண்ணிலேயே இருந்தவர். பெற்ற இரண்டும் இங்கேயே செத்து இங்கேயே புதைந்திருந்தன. பிறந்த ஊரில் அவரை அடையாளம் சொல்ல ஒரு ஆள் கிடையாது. கணவர் தோட்டத்து மாடுகளைப் பார்ப்பவர். ஆளும் பேரும் எல்லாருக்கும் மாட்டுக்காரர்தான்.

மாரியாயியை உட்கார வைத்துச் சோதித்தேன். கிழமை சொன்னார், மாதம் சொன்னார். எண்ணச் சொன்னேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு…" நின்றார். தலையைக் குனிந்துகொண்டார். வலது கை மெல்ல நெஞ்சுக்குப் போனது. பிறகு, "எட்டு, ஒம்பது, பத்து" என்று போனார். பதினாறுக்குப் பிறகும் அதே மாதிரி நின்று, நெஞ்சில் கை வைத்து, பதினெட்டுக்குத் தாவினார். நாடியில் விரலை வைத்தேன். குதிரை மாதிரி ஓடியது.

"ஆயா, ஒண்ணு விட்டுட்டியே. மறுபடி எண்ணு."

"எண்ணுறேன் ஐயா." மறுபடியும் அதே இடத்தில் அதே தாவல்.

"நடுவுல ஒண்ணு வரும்ல, அது என்ன?"

"அது வந்துங்க ஐயா…" என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"வேற பேச்சு வேணாம். நம்பரு மட்டும் சொல்லு."

வாயை மூடிக்கொண்டார். நான் சும்மா எழுதிவிடவில்லை தம்பிகளே, அதுவரைக்கும் ஒழுங்காகத்தான் இருந்தேன். மூன்று நாள் கூப்பிட்டு, மொத்தம் பன்னிரண்டு தடவை எண்ண வைத்தேன். முன்னுக்கும் பின்னுக்கும், மெதுவாகவும் வேகமாகவும். பன்னிரண்டு தடவையும் ஒரே கதை. உட்கார்ந்து அழகான இங்கிலீஷில் எழுதினேன். எண்ணும்போது எண்கள் மறந்துபோகின்றன, ஞாபகம் தேய்ந்துவிட்டது. மூளைக்குச் சிறிது வேலை கொடுத்தாலும் நெஞ்சு வலிக்கிறது, கையால் அழுத்திக்கொள்கிறாள், நாடி கட்டுக்கடங்காமல் ஓடுகிறது. குழந்தைகளை இவளிடம் விடுவது ஆபத்து. அன்ஃபிட்.

டாக்டர் அதைப் படித்துவிட்டு, "நெஞ்சையும் மூளையையும் சேர்த்துப் பார்த்திருக்கிறாய். கெட்டிக்காரன்" என்றார். நான் பெருமையில் வானத்துக்கும் பூமிக்குமாக நின்றேன்.

அன்ஃபிட் ஆட்களின் பட்டியலில் டாக்டர் கையெழுத்துப் போட வேண்டிய நாள் வந்தது. டாக்டர் காலையிலேயே வந்து நோயாளிகளைப் பார்த்துவிட்டு, சாப்பிடத் தோட்டத்து மானேஜரான பெரிய துரையின் பங்களாவுக்குப் போயிருந்தார். இரண்டு மணிக்குத் திரும்பி வந்து கையெழுத்துப் போட்டு, பட்டியலை ஈப்போவுக்கு எடுத்துப் போவார். போன பிறகு யார் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது. நான் வீட்டுக்குச் சாப்பிட வந்தேன்.

என் மனைவியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண். நான் பாகான் செராயில் பிறந்து, ஈப்போவில் இங்கிலீஷ் படித்தவன். கைக்குழந்தையிலேயே தாயை இழந்து, ஆண்பிள்ளைகள் மட்டும் இருந்த வீட்டில் வளர்ந்தவன். கல்யாணமாகி நாலு வருஷமாக அவள் பேச்சைக் கேலி செய்வதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. வேலை என்று சொல்ல மாட்டாள், 'சோலி' என்பாள். வேலி என்று சொல்ல மாட்டாள், 'அடைப்பு' என்பாள். ஊர்நாட்டுப் பேச்சு என்று நண்பர்கள் முன்னால் சிரித்திருக்கிறேன்.

சாதம் போட்டுக்கொண்டே, "சோலி முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

"முடிஞ்ச மாதிரிதான். பாவம், அந்த ஆயாவும் பட்டியல்ல இருக்கு. புத்தி போச்சு. ஒண்ணுலருந்து பத்துக்கு எண்ணத் தெரியல. ஆறுக்கு அப்புறம் எட்டுங்குது."

கரண்டி நின்றது. "ஒவ்வொரு தடவையுமா?"

"பன்னெண்டு தடவையும் அதேதான். பதினாறுக்கு அப்புறமும் அதேதான்."

"அவ வீட்டுக்காரவுக பேரு என்னங்க?"

"மாட்டுக்காரரு."

"மாட்டுக்காரருன்னு பெத்தவுக பேரு வப்பாகளா? பேரு என்னன்னு கேட்டேன்."

எனக்குத் தெரியவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எந்த டாக்டரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "நான் ஏன் சோலின்னு சொல்றேன்னு நாலு வருஷத்துல ஒரு நாளாச்சும் யோசிச்சீகளா? ஒங்க பேருல பாதி மத்தவுக சொல்ற வார்த்தையில கெடக்கே, நான் எப்படி அத வாயால சொல்லுவேன்? புருஷன் பேரச் சொன்னா அவுகளுக்கு ஆயுசு கொறையும்ல. இங்கிலீசு படிச்சுப் பெரிய மிஷினெல்லாம் வச்சிருக்கீக, போங்க!"

மனைவி கணவன் பேரைச் சொல்ல மாட்டாள் என்பது எனக்கும் தெரியும். அந்தப் பேர் ஒளிந்திருக்கிற வார்த்தையைக்கூடத் தொட மாட்டாள் என்பது தெரியாது. வேலாயுதத்தின் 'வேல்' இருப்பதால்தான் வேலையும் வேலியும் அவள் வாயில் வரவில்லை. என் வீட்டுக்குள்ளேயே, என் பேருக்காகவே நடந்துகொண்டிருந்ததை நாலு வருஷம் கேலி செய்திருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது.

கையைக் கழுவியும் கழுவாமலும் ஆபீசுக்கு ஓடினேன். கணக்கெழுதுகிற கிராணி தூங்கி வழிந்துகொண்டிருந்தார். "ஆளுங்க பேரு இருக்கிற செக்ரோல எடுங்கண்ணே, மாட்டுக்கொட்டாய்ப் பக்கத்தைக் காட்டுங்க" என்றேன். முதல் வரியிலேயே இருந்தது. ஏழுமலை.

ஐயோ, அந்த வரியைப் பார்த்ததும்தான் எனக்குப் புரிந்தது! ஞாபகம் தேய்ந்தவள் என்று யாரைப் பற்றி எழுதினேனோ, அவர் புருஷனைக் காப்பாற்றிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறார். நெஞ்சு வலி என்று எழுதினேனே, அவர் கை போனது சேலைக்குள் இருந்த தாலிக்கு. ஒரே ஒரு வழக்கம் தெரியாமல் மூளையையும் தப்பாக அளந்தேன், நெஞ்சையும் தப்பாக அளந்தேன்.

ஆயாக்கொட்டாய்க்கு ஆள் அனுப்பி மாரியாயியை வரச் சொன்னேன். நான் ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போனபோது டாக்டரும் பெரிய துரையும் வந்துவிட்டார்கள். பட்டியல் மேசையில் இருந்தது. டாக்டர் பேனாவைத் திறந்துவிட்டார்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கேட்க வேண்டும். அந்த வருஷம் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி மேல்பதவி கொடுக்கச் சிபாரிசு செய்வதாக டாக்டர் சொல்லியிருந்தார், அதுவும் அந்த அறிக்கையைப் படித்துவிட்டு. வாயைத் திறக்காமல் இருந்தால் எனக்கு ஒரு குறையும் வராது.

"சார், கையெழுத்துப் போடாதீர்கள். என் அறிக்கை தப்பு" என்றேன்.

காரணத்தைச் சொன்னேன். பெரிய துரை கடகடவென்று சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. "மூன்று நாள் சோதித்தேன் என்று எழுதியிருக்கிறாய். இப்போது ஒரு கதை சொல்கிறாய். எதை நம்புவது?" என்றார். பிறகு, அதற்குள் வந்து தூணோரம் நின்ற மாரியாயியைப் பார்த்துத் தன் தோட்டத் தமிழிலேயே பேசினார். "ஆயா, நீ ஒரு தடவை அந்த நம்பர் சொல்லு. நான் உன் பேர் வெட்டுறேன். சொல்லல, கப்பல்."

மாரியாயி என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரைக் கும்பிட்டார்.

"கப்பல்லயே ஏத்திருங்க தொர. தண்ணியில போயி விழுந்தாலும் விழுவேன். அது மட்டும் என் வாயால வராது."

வராந்தாவுக்குக் கீழே மாட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். மனைவியைக் கூப்பிட்டார்கள் என்று கேள்விப்பட்டுக் கையில் கயிற்றோடு ஓடி வந்திருக்கிறார். "அடி, சொல்லித் தொலையேன்! ஒரு வார்த்தைக்கு நான் செத்தா போயிருவேன்?" என்று கத்தினார்.

"நீங்க சும்மா இருங்க. ஒங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவரை ஒரே அடியாக அடக்கிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. அதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. இன்றுவரை அதற்காக என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொள்கிறேன்.

"சார், நீங்களே அவர் மணிக்கட்டைப் பிடியுங்கள். நான் எண்ணச் சொல்கிறேன்" என்றேன். டாக்டர் விரலை வைத்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு. டாக்டரின் முகத்தில் மாற்றமில்லை. அஞ்சு, ஆறு. அவருடைய புருவம் உயர்ந்தது. மாரியாயி குனிந்தார், கை தாலியைப் பிடித்தது. எட்டு, ஒம்பது, பத்து. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தபடியே, "இறங்கிவிட்டது" என்று முணுமுணுத்தார்.

"நோயாக இருந்தால் அந்த ஒரு இடத்தில் மட்டும் ஏறி இறங்குமா சார்? இன்னொன்று. பன்னிரண்டு தடவை எண்ண வைத்திருக்கிறேன். புத்தி தடுமாறியவர் என்றால் ஒரு தடவையாவது தன்னை மறந்து அந்த எண்ணைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு தடவைகூட வாய் தவறவில்லை. நானாக இருந்தால் மூன்றாவது தடவையிலேயே உளறியிருப்பேன். நீங்களும்தான், சார்."

கடைசி இரண்டு வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது. பெரிய துரை முறைத்தார். டாக்டர் பேனாவை மூடிவைத்துவிட்டு நாற்காலியை இழுத்து மாரியாயிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். ஆயாவின் வாயைப் பிடுங்கிப் பார்ப்பதென்று முடிவு செய்துவிட்டார் என்பது தெரிந்தது.

"ஆயா, பத்துல மூணு போச்சு. எத்தனை?"

"ஆறு தாண்டிருச்சு, எட்டு இன்னும் வரல, தொர."

"வாரத்துக்கு எத்தனை நாள்?"

"ஞாயித்துக்கெழமையோட ஆறும் ஒண்ணும்."

டாக்டர் சட்டென்று குரலை மாற்றி, "கொட்டாய்ல பிள்ளை எத்தனை இருக்கு இன்னிக்கு?" என்று வேறு பக்கம் திருப்பினார். அங்கேதான் வழுக்குவார் என்று நானே பயந்தேன், ஏனென்றால் அன்றைய கணக்கு எனக்குத் தெரியும்.

"இருவத்தாறும் ஒண்ணும் தொர" என்று மூச்சுவிடாமல் சொன்னார் மாரியாயி. "அதுல முனியம்மா புள்ளைக்கு நேத்திலேருந்து வயித்தால போவுது. சொல்லி அனுப்புனேன். டிரசரு ஐயா இன்னும் வந்து பாக்கல."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். உண்மைதான். முந்தின நாள் முழுக்க நான் பட்டியலை அழகான கையெழுத்தில் படியெடுத்துக்கொண்டிருந்தேன். பெரிய துரை மறுபடியும் சிரித்தார், இந்தத் தடவை என்னைப் பார்த்து. டாக்டரும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே மாரியாயியின் பேரை அடித்தார்.

அடித்த இடத்துக்குக் கீழே, 'மேற்கண்டது டிரசரின் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "இது உன் பதிவில் நிற்கும், தெரியுமா?" என்றார் டாக்டர். "நிற்கட்டும், சார்" என்றேன். சர்வீஸ் புத்தகத்திலும் அதே வரியை என் கையாலேயே எழுத வைத்தார். மேல்பதவி அந்த வருஷம் வரவில்லை, மூன்று வருஷம் கழித்துத்தான் வந்தது. என் சர்வீஸ் புத்தகத்தில் நல்ல வார்த்தைகள் எத்தனையோ இருக்கின்றன. அந்த ஒரு வரியை எழுதிய கை மட்டும் என் கை. கேட்பவர்களுக்கெல்லாம் அதைத்தான் முதலில் புரட்டிக் காட்டுவேன்.

பட்டியலில் மிச்சமிருந்த மூன்று பேரையும் மறுபடி பார்க்க டாக்டரிடம் தவணை வாங்கிக்கொண்டேன். நேராக ஆயாக்கொட்டாய்க்குப் போனேன். முனியம்மாவின் குழந்தைக்கு மருந்து கொடுத்து, கஞ்சித்தண்ணி எப்படிக் கொடுப்பது என்று சொல்லிவிட்டு நின்றேன். மாரியாயி ஒரு தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மாளை அதுவரை நீ என்றுதான் பேசியிருக்கிறேன். எல்லாரும் அப்படித்தான் பேசுவார்கள்.

"ஆயா, உங்களைப் பத்தித் தப்பா எழுதிட்டேன். மன்னிச்சிருங்க" என்றேன்.

தொட்டில் கயிற்றை விடாமல் என்னைப் பார்த்தார்.

"கரும்புத் தோட்டத்துல எறங்குன நாளா எம்பேர எத்தனையோ பேரு எழுதியிருக்காங்க ஐயா. வயச தப்பா எழுதுனாங்க, ஊர தப்பா எழுதுனாங்க, செத்துப்போன எம்புள்ளைங்க பேரையும் தப்பா எழுதுனாங்க. தப்பா எழுதிட்டேன்னு திரும்பி வந்து நின்னது நீங்க ஒருத்தருதான்."

சொல்லிவிட்டு, உட்காரச் சொல்லி ஒரு பலகையை என் பக்கம் தள்ளினார். நான் உட்கார்ந்தேன்.